மௌரீன் மூச்சு இழுக்கும் இடம்

மௌரீன் வாயை மூடிவிட்டாள். பாட்டு மட்டும் நிற்கவில்லை.

அவள் கணவர் டொமினிக் வீடியோவை மறுபடியும் முதலிலிருந்து ஓடவிட்டார். ஆரம்பத்தில் எல்லாம் சரியாகவே இருந்தது. பீடத்துக்குப் பக்கத்தில் நின்று மௌரீன் மைக்கை விரலால் தட்டுகிறாள். தட்டும்போதே சத்தம் கேட்கிறது. "இந்த மைக்குக்கு எப்பவும் சளி," என்கிறாள். உதடும் சொல்லும் ஒன்றாக வருகின்றன. பிறகு பாடத் தொடங்குகிறாள். கொஞ்ச நேரத்தில் உதடு குரலை முந்துகிறது. முதலில் கண் இமைக்கும் அளவு. பிறகு ஒரு சொல் அளவு. முடிவில், அவள் பாடி முடித்துத் தாளை மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டிருக்கும்போது, அவளுடைய குரல் இன்னும் பாடிக்கொண்டிருக்கிறது.

இதே வீடியோ போனில் ஓடும்போது இந்தக் குறை இல்லை. லேப்டாப்பில் சாதாரணமாகத் திறந்து பார்த்தாலும் இல்லை. எடிட்டிங் மென்பொருளுக்குள் போட்டால் மட்டும் மௌரீன் தன் குரலை விட்டுவிட்டு முன்னே போனாள்.

இங்கே ஒரு விஷயத்தைச் சொல்லிவிட்டால் பின்னால் வசதியாக இருக்கும். வீடியோ என்பது ஒரு பொருள் அல்ல, இரண்டு. படம் ஒன்று, ஒலி ஒன்று. ஒரே கோப்புக்குள் இரண்டும் தனித்தனித் தண்டவாளத்தில் ஓடுகின்றன. அதில் படம் என்பதும் உண்மையில் ஓடுவதில்லை. அது அசையாத புகைப்படங்களின் வரிசை. விநாடிக்கு முப்பது என்ற கணக்கில் அடுத்தடுத்துக் காட்டினால் கண் ஏமாந்து, அசைகிறது என்று நம்பிவிடும். கண் ஏமாறும் விதங்களை டொமினிக் ஓரளவு அறிவார். கமர்ஷியல் தெருவில் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ஆனால் இந்த ஏமாற்று அவருக்குப் பிடிபடவில்லை.

அந்த வீடியோ ஒரு பெரிய சனிக்கிழமை மாலையில் எடுத்தது. ஈஸ்டருக்கு முந்தைய அந்த இரவில் கோயில் விளக்குகளையெல்லாம் அணைத்துவிட்டு, மெழுகுதிரி வெளிச்சத்தில் ஒருவர் நின்று பாஸ்கா புகழுரையைத் தனியாகப் பாட வேண்டும். நீளமான பாட்டு, துணைக்கு வாத்தியம் கிடையாது. ஜோகுபாளையத்துப் பங்குக் கோயிலில் பல வருஷங்களாக அதைப் பாடியவள் மௌரீன். ஒத்திகையையும் இருட்டில்தான் பார்ப்பாள். அன்றைய ஒத்திகையை மகள் நிக்கோல், பாடகர் மாடத்தில் நின்று போனில் பிடித்தாள்.

கடைசி வரிக்கு முன்னால் மௌரீன் ஒரு மூச்சு இழுப்பாள். தோள் இரண்டும் மேலே போகும். அப்படி இழுக்கக் கூடாது, வயிற்றிலிருந்து இழுக்க வேண்டும் என்று பாடகர் குழுவுக்கு வந்த ஒவ்வொரு மாஸ்டரும் சொல்லிப் பார்த்தார்கள். "என் வயிறு, என் தோளு, உங்களுக்கென்ன மாஸ்டர்," என்பாள். அந்தத் தோள் உயர்வதைப் பார்த்ததும், கடைசி வரி வரப்போகிறது என்று கோயிலில் இருக்கும் எல்லோரும் நிமிர்ந்து உட்காருவார்கள்.

அந்த ஈஸ்டர்தான் கடைசி. அதன் பிறகு நுரையீரலில் நோய் வந்தது. முடிவில் மூச்சை அவளுக்காக ஒரு இயந்திரம் இழுத்தது. டொமினிக்கின் காதில் இப்போது நிற்பது அந்த இயந்திரத்தின் சத்தம்தான். அது அவளுடைய சத்தம் அல்ல. அவளாகவே இழுத்த மூச்சு ஒன்றையும், அதன் பின்னால் வரும் குரலையும் சேர்த்துப் பார்த்துவிட்டால், அந்த இயந்திரம் கொஞ்சம் வாயை மூடும் என்று அவர் நம்பினார். போனில் பார்த்தால் மாடத்திலிருந்து எடுத்த படத்தில் மௌரீன் இருட்டுக்குள் கட்டைவிரல் அளவுதான் தெரிந்தாள். தோள் எங்கே, தலை எங்கே என்று தெரியாது. அவளைப் பெரிதாக்கி, வெளிச்சம் கூட்ட வேண்டும். அதற்கு எடிட்டிங் மென்பொருள் வேண்டும். மென்பொருள் அவளைப் பெரிதாக்கியது, தோளைக் காட்டியது, குரலைப் பிரித்துவிட்டது.

மௌரீனின் ஆண்டு நினைவுத் திருப்பலிக்கு மூன்று மாதம் இருந்தது. திருப்பலி முடிந்து மண்டபத்தில் டீ கொடுக்கும்போது அந்தப் பாட்டைத் திரையில் காட்ட வேண்டும் என்பது அவருடைய ஆசை. திரையும் சரி, வீடியோ அறிவும் சரி, பங்கில் ஒரே இடத்தில் இருந்தன. டொமினிக் ஊடகப் பணிக்குழுவிடம் போனார்.

பணிக்குழு பிறந்த கதை இது. ஒரு திருவிழாவுக்கு ஆயர், அதாவது பிஷப், வந்திருந்தார். யாரோ ஆர்வத்தில் ஒரு மென்பொருளை இலவசமாக இறக்கி வரவேற்பு வீடியோ செய்திருந்தார்கள். திரையில் ஆயரின் முகம் வந்ததும், நெற்றிக்குக் குறுக்கே 'இது சோதனைப் பிரதி, வாங்கிப் பயன்படுத்தவும்' என்று எழுத்து வந்தது. ஆயர் சிரித்துக்கொண்டார். பங்குப் பேரவை சிரிக்கவில்லை. அன்றே பணிக்குழு அமைந்தது. மண்டபத் திரையில் ஓடும் எதுவும் பணிக்குழுவின் லேப்டாப்பில், பணிக்குழு தேர்ந்தெடுத்த மென்பொருளில் செய்ததாக இருக்க வேண்டும் என்று விதி வந்தது. பணிக்குழு இன்னும் மென்பொருளைத் தேர்ந்தெடுக்கவில்லை. ஆகவே அன்று முதல் திரையில் எதுவும் ஓடவில்லை. ஆண்டறிக்கையில் இது 'ஒரு தவறும் நேராமல் கடந்த ஆண்டு' என்று குறிக்கப்பட்டது.

முதல் கூட்டத்தில் மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள். தலைவர் டெஸ்மண்ட், ஒரு பெரிய தொழிற்சாலையின் கொள்முதல் பிரிவில் இருந்தவர். பொருளாளர் சில்வெஸ்டர், வங்கிக் காசாளராக இருந்தவர். மூன்றாவது லாயிட், மற்ற இருவரையும்விட வயதில் சிறியவர். எலெக்ட்ரானிக் சிட்டியில் ஐ.டி. கம்பெனியில் வேலை என்பதால் அவர்தான் தொழில்நுட்ப உறுப்பினர். அந்தக் கம்பெனியில் அவர் பார்த்தது ஊழியர்களுக்கு வண்டி அனுப்பும் வேலை. யாரும் கேட்கவில்லை; அவரும் சொல்லவில்லை.

"ஒக்காருங்க டொமினிக்," என்றார் டெஸ்மண்ட். "மௌரீனை யாரு மறப்பா. என் கல்யாணத்துக்கே பாடினவங்க. ஆனா எமோஷன் வேற, ப்ரொசீஜர் வேற."

"சரி சார். எனக்கு ஒரே ஒரு டவுட்டுதான். ஏன் வாய் முன்னாடி போகுது, குரல் பின்னாடி வருது?"

"அது டெக்னிக்கல். லாயிட், சொல்லுங்க."

லாயிட் கொஞ்சம் யோசித்தார். "ட்ராஃபிக் அங்கிள். வீடியோ வண்டி முன்னாடி பூடுச்சு. ஆடியோ வண்டி சில்க் போர்டு சிக்னல்ல மாட்டிக்கிச்சு."

"அது எப்படிப்பா சரி பண்றது?"

"சீக்கிரம் கெளம்பணும்."

டெஸ்மண்ட் தலையசைத்தார். "இதுக்குத்தான் நல்ல சாஃப்ட்வேர் வேணும்ங்கறது. அதை முறையா வாங்கணும். மூணு கொட்டேஷன். நான் பர்ச்சேஸ்ல இருந்தப்ப ஒரு ஸ்க்ரூகூட மூணு கொட்டேஷன் இல்லாம வாங்கினதில்ல. ஒரு தடவை அந்த ஸ்க்ரூ வராம மிஷின் மாசக்கணக்கா நின்னுச்சு. ஒரு பீஸ் வெளியே போகல. ஆனா ஆடிட்ல ஒரு கேள்வி வரல மேன். ஒரே ஒரு கேள்வி வரல."

அந்த நினைவில் அவர் ஒரு பன்னை எடுத்துக் கடித்தார்.

மூன்று கொட்டேஷன் முறை எப்படி வேலை செய்கிறது என்று பார்ப்போம். அது எளிமையான, அழகான இயந்திரம். ஒரே பொருளுக்கு மூன்று பேரிடம் விலை கேட்கிறோம். மிகக் குறைந்த விலை சொன்னவருக்கு ஆர்டர் போகிறது. முடிவெடுப்பவர் எதையும் பற்றி எதுவும் தெரிந்திருக்க வேண்டியதில்லை. எண்களில் சின்னது எது என்று தெரிந்தால் போதும். ஒரே ஒரு நிபந்தனை, மூன்று எண்களும் வேறு வேறாக இருக்க வேண்டும்.

மென்பொருள்கள் மூன்று வகை என்று லாயிட் விளக்கினார். ஒரேயடியாக விலை கொடுத்து வாங்குவது. மாதாமாதம் சந்தா கட்டுவது. இலவசம்.

"சந்தா கட்டாம நிறுத்தினா?" என்று கேட்டார் சில்வெஸ்டர்.

"அதுல செஞ்ச வேலையைத் தொறக்க முடியாது அங்கிள். பூட்டிக்கும்."

சில்வெஸ்டரின் முகம் மலர்ந்தது. "நல்ல சிஸ்டம். நம்ம பங்குச் சந்தாவுக்கும் இந்த மாதிரி ஒரு பூட்டு இருந்தா எவ்வளவு நல்லாருக்கும்."

ஆனால் வாங்குவதற்கோ சந்தா கட்டுவதற்கோ பணிக்குழுவிடம் பணம் இல்லை. அந்த வருடத்து ஒதுக்கீடு, 'ஊடகப் பணிக்குழு உங்களை வரவேற்கிறது' என்ற ஃப்ளெக்ஸ் பேனருக்கும், மென்பொருள் வாங்குவது பற்றிய கூட்டங்களின் டீ-பன்னுக்கும் போயிருந்தது. இலவசம்தான் வழி என்று முடிவாயிற்று. டொமினிக் வீட்டிலேயே போட்டுப் பார்த்திருந்த மூன்று இலவச மென்பொருள்களின் பெயரைச் சொன்னார். மூன்றின் விலையும் பூஜ்யம்.

இயந்திரம் நின்றது.

"மூணும் சமம், டை ஆயிடுச்சு," என்றார் லாயிட்.

"டை ஆனா என்ன?" என்றார் டெஸ்மண்ட். "பேரம் பேசணும். அதுக்கும் ப்ரொசீஜர் இருக்கு. மூணு பேருக்கும் மெயில் போடுங்க."

லாயிட் மெயில் போட்டார். 'எங்கள் பங்கு ஏழை மக்கள் வாழும் பங்கு. தங்கள் இலவச மென்பொருளின் விலையில் மேலும் ஏதாவது குறைக்க முடியுமா என்று அன்புடன் கேட்கிறோம்.'

அடுத்த கூட்டம் ஒரு மாதம் கழித்து நடந்தது. இடையில் டொமினிக் தினமும் வீடியோவைப் பார்த்தார். மௌரீன் தினமும் முன்னே போனாள்.

பதில்கள் வந்திருந்தன. முதல் மென்பொருளைச் செய்தவர்கள் வெளிநாடுகளில் சிதறியிருக்கும் தன்னார்வலர்கள். 'எங்கள் மென்பொருள் ஏற்கெனவே இலவசம். விருப்பம் இருந்தால் நன்கொடை தரலாம். தராவிட்டாலும் மகிழ்ச்சியே' என்று எழுதியிருந்தார்கள்.

டெஸ்மண்ட் அதை இரண்டு முறை படித்தார். "பாத்தீங்களா? ஃப்ரீன்னு சொல்லிட்டு உள்ள வந்து நன்கொடை கேக்கறான். ரேட் ஃபர்ம் இல்ல. ரிஜெக்ட்."

"நன்கொடை கேக்கற உரிமை நமக்குத்தான்," என்றார் சில்வெஸ்டர்.

இரண்டாவது நிறுவனம் பதிலே போடவில்லை. மரியாதை இல்லாத காரணத்தால் தள்ளப்பட்டது. மூன்றாவது நிறுவனத்திலிருந்து, மெயில் போன அதே நிமிடத்தில் பதில் வந்திருந்தது. 'உங்கள் செய்தி எங்களுக்கு மிகவும் முக்கியம்' என்று தொடங்கியது.

"இதான் மேன் கம்பெனி," என்றார் டெஸ்மண்ட். "ஞாயித்துக்கிழமை மெயில் போட்டா ஞாயித்துக்கிழமையே பதில்." அந்த மென்பொருள் தேர்வாயிற்று.

டொமினிக் எழுந்தார். "சார், அது ஃப்ரீதான். ஆனா அது தன் பேரைப் படத்து நடுவுல போட்டுக்குது. மௌரீன் மூஞ்சி மேல வருது."

"உபயம் டொமினிக், உபயம்," என்றார் சில்வெஸ்டர். "கோயில் பெஞ்சுல எழுதியிருக்கு, மணியில எழுதியிருக்கு, மண்டபத்து ஃபேன் றெக்கையில எழுதியிருக்கு. ஓசியில குடுக்கறவன் பேரு போட்டுக்கறான், பாவம்."

பெஞ்சும் மணியும் உண்மைதான். ஃபேனும் உண்மைதான். ஓடும் ஃபேனில் றெக்கைகள் கண்ணுக்கு ஒன்றாகக் கலந்துவிடும், எழுத்து தெரியாது. இதனால் ஒரு குடும்பம், தாங்கள் கொடுத்த ஃபேனைப் போடக் கூடாது என்று கேட்டுக்கொண்டு, கோடையில் அதன் கீழே வியர்வையோடு உட்கார்ந்து பெயரைப் பார்த்துக்கொண்டிருக்கிறது.

"ஆனா சார், ஆயர் நெத்தியில எழுத்து வந்துச்சுன்னுதானே இந்தக் குழுவே போட்டாங்க?"

"அது ஆயர் மேன். இது வந்து..." டெஸ்மண்ட் சொல் தேடினார்.

"அங்கிளோட ஒய்ஃப்," என்று உதவினார் லாயிட்.

"கரெக்ட்," என்றார் டெஸ்மண்ட்.

டொமினிக் உட்கார்ந்தார். அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வெகுநேரம் துடைத்தார். அதில் அழுக்கு எதுவும் இல்லை. அன்று வீட்டுக்குப் போய் வீடியோவில் மௌரீனை இடப்பக்கமாக நகர்த்திக்கொண்டார். கம்பெனியின் பெயர் அவளை விட்டு விலகி, பக்கத்திலிருந்த பெரிய பாஸ்கா மெழுகுதிரியின் மேல் போய் நின்றது.

தேர்ந்தெடுத்த மென்பொருளை உடனே பயன்படுத்திவிட முடியாது. பங்கில் புது ஆட்டோவிலிருந்து புது தையல் மிஷின் வரை எல்லாம் மந்திரித்த பிறகுதான் ஓடும். மந்திரிக்காத மென்பொருளில் திருச்சபைப் பாட்டைப் போடுவது சரியல்ல என்று டெஸ்மண்ட் சொன்னார். ஒரு ஞாயிறு, பூசை முடிந்ததும் லாயிட் பணிக்குழுவின் லேப்டாப்பைத் திறந்து இரு கைகளிலும் ஏந்திக்கொண்டு நின்றார். பங்குத்தந்தை அமல் தீர்த்தச் செம்போடு வந்தார்.

"எங்கப்பா தெளிக்கணும்? சாஃப்ட்வேர் எங்க இருக்கு?"

"உள்ள இருக்கு ஃபாதர். கீபோர்டுக்குக் கீழ."

"ஒரு சொட்டு போதுமே."

"நல்லா தெளிங்க ஃபாதர்," என்றார் டெஸ்மண்ட். "எங்க ப்ரெஸ்டீஜ் விஷயம்."

தந்தை நல்லவர்; கேட்டதைக் கொடுப்பவர். நன்றாகத் தெளித்தார். லேப்டாப் ஒரு முறை அணைந்து மீண்டும் விழித்தது. எல்லாம் வேலை செய்தது, கீழ்வரிசையில் இருக்கும் அந்த நீளப் பொத்தான் மட்டும் அமுங்கவில்லை. ஓடும் வீடியோவை நிறுத்துவதற்கு லாயிட்டுக்குத் தெரிந்த ஒரே பொத்தான் அது.

"ஓடவிட முடியுதில்ல?" என்றார் டெஸ்மண்ட்.

"ஓடவிடலாம் சார். நிறுத்தறதுதான்..."

"நிறுத்தறதுக்கா மேன் வாங்கினோம்."

வீடியோ அந்த லேப்டாப்புக்குள் போயிற்று. எதிர்பார்த்ததுபோலவே உதடு முன்னே போனது, குரல் பின்னே வந்தது. டொமினிக் மறுபடியும் கேட்டார். லாயிட் இந்த முறை சொல்லாமல் செய்து காட்டினார். ஒலியை மட்டும் பிடித்து முன்னால் இழுத்து வைத்தார். கடைசி வரி உதட்டோடு பொருந்தியது. டொமினிக் மூச்சைப் பிடித்துக்கொண்டு முதலிலிருந்து பார்த்தார். இப்போது ஆரம்பத்தில் மௌரீன் வாயைத் திறக்கும் முன்பே பாடினாள்.

இதையும் விளக்கலாம். சுவரில் ஒரு கடிகாரம் பத்து நிமிஷம் தாமதமாக இருந்தால் முள்ளைத் திருப்பி வைத்தால் போதும். ஆனால் அந்தக் கடிகாரம் மெதுவாக ஓடும் கடிகாரமாக இருந்தால் காலையில் திருப்பி வைத்தது சாயங்காலம் மறுபடி பிந்தும். மௌரீன் வீடியோவில் நோய் இரண்டாவது வகை. முள்ளைத் திருப்பிப் பயன் இல்லை.

"முன்னாடி சரியா இருக்கணுமா, பின்னாடி சரியா இருக்கணுமா?" என்று கேட்டார் லாயிட். "ரெண்டும் வேணும்னா நக்கோ அங்கிள், ஆகாது."

"எனக்குக் கடைசி வரிக்கு முன்னாடி அந்த மூச்சு வேணும்பா."

"மூச்சு எல்லாம் ஆடியோவுல எங்க அங்கிள் கேக்கும்."

விஷயம் பங்குப் பேரவைக் கூட்டத்துக்குப் போயிற்று. இருப்பதை இருக்கிறபடியே விடுவது என்று தீர்மானமாயிற்று, ஏனென்றால் முன்பகுதி சரியாக இருந்தால் பார்ப்பவர்களுக்கு முதல் அபிப்பிராயம் நன்றாக இருக்கும்.

நினைவுத் திருப்பலி நாள் வந்தது. நிக்கோல் ஹெப்பகோடியிலிருந்து இரண்டு பஸ் மாறி வந்து அப்பாவின் பக்கத்தில் உட்கார்ந்தாள். அங்கே ஒரு மருந்துத் தொழிற்சாலையில் அவளுக்கு வேலை. மண்டபத்தில் பாடகர் குழு முழுவதும் வந்திருந்தது. சமோசாத் தட்டுகள் சுற்றி வந்தன. ஃபேன்கள், ஒன்றைத் தவிர, ஓடின.

லாயிட் வீடியோவைத் தொடங்கினார். மௌரீன் திரையில் ஆளுயரத்துக்கு வந்து மைக்கைத் தட்டினாள். "இந்த மைக்குக்கு எப்பவும் சளி." மண்டபம் சிரித்தது. பாடகர் குழுவில் ஒரு அம்மாள் சிரித்துக்கொண்டே அழத் தொடங்கினார். படத்தில் கோயில் விளக்குகள் அணைந்தன. மௌரீன் பாடினாள். கொஞ்ச நேரத்தில் மண்டபத்தில் ஒரு நெளிவு தெரிந்தது. உதடு எங்கோ போய்க்கொண்டிருந்தது. தோள்கள் உயர்ந்தன, ஆனால் அப்போது குரல் வேறொரு வரியின் நடுவில் இருந்தது. பழகிய காரணத்தால் நிமிர்ந்து உட்கார்ந்தவர்கள், என்ன செய்வதென்று தெரியாமல் மறுபடி சாய்ந்தார்கள். மௌரீன் வாயை மூடினாள். தாளை மடித்தாள். மாடத்தைப் பார்த்து, போதும் என்று மகளுக்குக் கை காட்டினாள். படம் முடிந்தது.

திரை கறுப்பாயிற்று. குரல் நிற்கவில்லை.

லாயிட் நீளப் பொத்தானை அமுக்கினார். மறுபடி அமுக்கினார். கறுப்புத் திரையில் கம்பெனியின் பெயர் மட்டும் நின்றது. அதன் பின்னாலிருந்து மௌரீன் கடைசி வரியை முழுதாகப் பாடி முடித்தாள்.

நிக்கோல் அப்பாவின் கையைப் பிடித்திருந்தாள். டெஸ்மண்ட் எழுந்து மைக்கை வாங்கினார்.

"இதைப் பாத்து சில பேர் டெக்னிக்கல் மிஸ்டேக்னு நினைக்கலாம். இல்ல. இது பணிக்குழு யோசிச்சு செஞ்சது. வாய் மூடிடுச்சு. குரல் மூடல. ஒருத்தர் போயிட்டாலும் அவங்க பாட்டு போகாது. இந்தக் கருத்தைக் கொண்டு வர எத்தனை மீட்டிங், எத்தனை மெயில். செலவு எவ்வளவு தெரியுமா? ஜீரோ. ஒரு கேள்வி வராது, யாரும் கேக்க முடியாது. இனிமே இதை யாரும் திருத்தக் கூடாதுன்னு இங்கயே ஒரு தீர்மானம் கொண்டு வர்றேன்."

"வழிமொழியறேன்," என்றார் சில்வெஸ்டர், சமோசாவைக் கீழே வைத்துவிட்டு.

மண்டபம் கை தட்டியது. பலருக்குக் கண்ணில் நீர் இருந்தது. பின்வரிசையிலிருந்து ஒருவர் எழுந்து, தன் தகப்பனாரின் மூன்றாம் ஆண்டு வருகிறது, அவருக்கும் வாய் மூடிய பிறகு பேசுவதுபோலச் செய்து தர முடியுமா என்று கேட்டார். லாயிட் அவருடைய போன் நம்பரை வாங்கிக்கொண்டார்.

டொமினிக்கையும் பேசச் சொன்னார்கள். அவர் மைக்கை விரலால் ஒரு முறை தட்டினார்.

"கடைசி வரிக்கு முன்னாடி அவ ஒரு மூச்சு எடுப்பா," என்றார். "உங்களுக்கெல்லாம் தெரியும். அது வரல."

டெஸ்மண்ட் மைக்கை மெதுவாக வாங்கிக்கொண்டார். "துக்கத்துல பேசறாரு," என்று சபைக்கு விளக்கினார்.

அன்று மதியம் அப்பாவும் மகளும் வீட்டில் சாப்பாட்டு மேசையில் லேப்டாப்பைத் திறந்து உட்கார்ந்தார்கள். நிக்கோல் அதுவரை அந்த வீடியோவை முழுதாகப் பார்த்ததில்லை. பார்க்கத் தைரியம் இல்லை என்றாள். இப்போது பார்த்துவிட்டதால் இனி பயம் இல்லை என்றாள்.

"எங்கேருந்து டாடி விலகுது?"

"கொஞ்சம் கொஞ்சமாம்மா. எங்கேன்னு சொல்ல முடியல."

"மம்மி மைக்கைத் தட்டும்போது சரியா இருக்கு. சளின்னு சொல்லும்போதும் சரியா இருக்கு." அவள் ஓடவிட்டு, நிறுத்தி, ஓடவிட்டாள். "லைட் ஆஃப் ஆனதுக்கு அப்புறம்தான் டாடி."

டொமினிக் திரும்ப ஓடவிட்டுப் பார்த்தார். உண்மைதான். விளக்குகள் எரியும்வரை மௌரீனும் குரலும் ஒன்றாக இருந்தார்கள். இருட்டு வந்ததும் பிரிந்தார்கள்.

"நீ எடுக்கறப்ப போன் ஏதாவது பண்ணுச்சா?"

"இருட்டுல கொஞ்சம் திணறுச்சு. படம் இழுத்து இழுத்து வந்துச்சு."

டொமினிக் கண்ணாடியைக் கழற்றினார். இந்த முறை துடைக்கவில்லை. இருட்டில் கண்ணின் பாவை விரியும், வெளிச்சத்தைக் கூடுதலாக உள்ளே விட. இதை அவர் எத்தனையோ பேருக்குச் சொல்லியிருக்கிறார். போனின் கண்ணால் விரிய முடியாது. அதனால் அது வேறு வழி செய்கிறது. ஒவ்வொரு படத்தையும் அதிக நேரம் பார்த்துக்கொண்டே இருக்கிறது. ஒன்றை அதிக நேரம் பார்த்தால் விநாடிக்கு முப்பது எடுக்க முடியாது. இருபத்தைந்தோ இருபதோதான் முடியும். போன் ஏமாற்றவில்லை. ஒவ்வொரு படத்தோடும், இதை இவ்வளவு நேரம் காட்டு என்று குறித்து வைக்கிறது. போனில் ஓடும்போது அந்தக் குறிப்புப்படி ஓடுகிறது, பிசகுவதில்லை. அவருக்குக் கிடைத்த எடிட்டிங் மென்பொருள்கள் அந்தக் குறிப்பைப் பார்க்கவில்லை. எல்லாம் விநாடிக்கு முப்பதுதான் என்று அவையாகவே எடுத்துக்கொண்டு, குறைவாக இருந்த படங்களை வேகமாகத் தள்ளிவிட்டன. படம் சீக்கிரம் தீர்ந்துபோயிற்று. ஒலிக்கு இருட்டு தெரியாது. அது தன் வேகத்தில் நிதானமாக வந்தது.

"அவசரம் அவளுக்கு இல்லைம்மா," என்றார் டொமினிக்.

நிக்கோல் லேப்டாப்பைத் தன் பக்கம் திருப்பினாள். தேட ஆரம்பித்தாள். ஒரு வீடியோவை இன்னொரு வகையாக மாற்றித் தரும் மென்பொருள் ஒன்று கிடைத்தது. அதுவும் இலவசம், அதுவும் யாரோ தன்னார்வலர்கள் செய்தது. அதில் படங்களின் வேகம் பற்றிய இடத்தில் இரண்டு தேர்வுகள் இருந்தன. மாறும் வேகம், மாறாத வேகம். நிக்கோல் இரண்டாவதைத் தொட்டு, முப்பது என்று வைத்தாள். மாற்றி முடிய நேரம் ஆயிற்று. இருவரும் மத்தியானச் சோற்றைச் சாப்பிட்டு முடித்தார்கள்.

"கமிட்டிக்குச் சொல்லணுமா டாடி?"

"திருத்தக் கூடாதுன்னு தீர்மானம் போட்டுட்டாங்களேம்மா."

மாற்றிய வீடியோவை டொமினிக், டெஸ்மண்ட் தள்ளிவிட்ட முதல் மென்பொருளில் போட்டார். அது யார் மேலும் தன் பெயரை எழுதவில்லை. மௌரீனைப் பெரிதாக்கினார். வெளிச்சத்தைக் கூட்டினார். விளக்குகள் அணைந்தன, அவள் பாடினாள், உதடும் சொல்லும் சேர்ந்தே வந்தன. கடைசி வரிக்கு முன்னால் அவள் நிறுத்தினாள். தோள் இரண்டும் மேலே போயின. நிக்கோல் நிமிர்ந்து உட்கார்ந்தாள். மௌரீன் மூச்சை இழுத்தாள், பிறகு பாடினாள், பாடி முடித்த பிறகுதான் வாயை மூடினாள்.

போனில், அதுவும் இருட்டில் எடுத்த வீடியோவை நேராக எடிட்டிங் மென்பொருளுக்குள் போடக் கூடாது. முதலில் அதை விநாடிக்கு முப்பது படம் என்று மாறாத வேகத்துக்கு மாற்றிக்கொள்ள வேண்டும். பிறகு எதில் வேண்டுமானாலும் போடலாம்.